ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்கும் முன் பெட்டியைப் பாருங்கள்: சிறு வயர்லெஸ் மாட்யூல்களுக்கு ஒரு வழிகாட்டி

வைஃபை வசதியுள்ள சிறு கணினிச் சிப்பான ஈஎஸ்பி32-இன் மாட்யூல் ஒன்றையே இரண்டு எண்களில் விற்கிறார்கள். வ்ரூம்-32ஈ என்பதன் தலைப்பகுதியில் பாம்பு போல வளைந்து ஓடும் செம்புக்கோடு இருக்கும். அதுதான் ஆன்டெனா. வ்ரூம்-32யூஈ-யில் அந்தக் கோடு கிடையாது. மிளகை விடச் சிறிய வட்டக் கனெக்டர் ஒன்று மட்டும் இருக்கும். உள்ளே இருக்கும் சிப் ஒன்றேதான். முதலாவது 25.5 மிமீ நீளம், இரண்டாவது 19.2 மிமீ. "வெளி ஆன்டெனா போட்டால் ரேஞ்ச் கூடும்" என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை வாங்குகிறார்கள். ஆனால் திறந்தவெளியில், ஒழுங்காகப் பொருத்திய 32ஈ-க்கும் சாதாரண 2 டிபிஐ (ஆன்டெனா ஒரு திசையில் சிக்னலைக் குவிக்கும் அளவு) குச்சி ஆன்டெனா மாட்டிய 32யூஈ-க்கும் இருக்கும் இடைவெளி சில டெசிபல்தான் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அலகு; 3 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதி). அதே 32ஈ-யை இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் அடுத்த அறைக்கே சிக்னல் போகாது. ஆகவே எந்த ஆன்டெனா என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது, போர்டு எந்தப் பெட்டிக்குள், எதன் பக்கத்தில் உட்காரப்போகிறது என்பதுதான்.

முதலில் பெட்டி

மோட்டார் ஸ்டார்ட்டர் பேனல், ஜிஐ தகட்டுப் பெட்டி, அலுமினிய வார்ப்புப் பெட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம்: கனெக்டர் உள்ள மாட்யூல், ஆன்டெனா வெளியே. பெட்டியில் பிளாஸ்டிக் ஜன்னல் வெட்டி உள்ளே பிசிபி ஆன்டெனாவை (போர்டிலேயே அச்சான செம்புக்கோடு) வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12 செமீ. ஜன்னல் அதில் பாதியாவது, அதாவது 6 செமீயாவது இல்லாவிட்டால் அந்த வேலை வீண்.

ஏபிஎஸ், பாலிகார்பனேட் பெட்டிகள் சிக்னலைத் தடுப்பதில்லை. ஆனால் பெட்டிச் சுவர் ஆன்டெனாவோடு ஒட்டி நின்றால், ஆன்டெனா ஒத்திசையும் அதிர்வெண்ணைக் கீழே இழுத்துவிடும். 5 மிமீயாவது இடைவெளி விடுங்கள். உலோகப் பொடி கலந்த பெயின்ட் அடித்த பெட்டியும் உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டிய பெட்டியும் பார்வைக்குப் பிளாஸ்டிக்தான். அலைக்கு அவை தகரம்.

பெட்டிக்குள் ஆன்டெனாவின் அண்டை வீட்டார் யார் என்பதும் முக்கியம். 18650 செல், எல்சிடியின் உலோகச் சட்டம், ரிலே, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாமே உலோகம்தான். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டக் கருவி செய்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. பெட்டியைத் தொட்டியின் சுவரிலேயே திருகிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர். தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும், ஆன்டெனாவின் அதிர்வெண்ணையும் நகர்த்தும். தொட்டி காலியாக இருக்கும்போது நன்றாக வேலை செய்து, நிரம்பியதும் இணைப்பு அறுந்தால் காரணம் இதுதான். பெட்டியைத் தொட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ரவுட்டர் இருக்கும் பக்கமாகப் பைப்பில் கட்டுங்கள்.

பிசிபி ஆன்டெனா: இடம்தான் எல்லாம்

பிளாஸ்டிக் பெட்டி, வீட்டுக்குள் அல்லது ஒரு மாடி தூரம் என்றால் பிசிபி ஆன்டெனாவே போதும். உடையாது, துருப்பிடிக்காது, கழன்று விழாது, தனியாக வாங்கவும் வேண்டாம். ஆனால் அது பாதி ஆன்டெனா மட்டுமே. மறுபாதி, மாட்யூலை சால்டர் செய்திருக்கும் உங்கள் போர்டின் கிரவுண்ட் செம்பு. அதனால் மாட்யூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போர்டு வடிவமைப்பு அதைக் கெடுத்துவிட முடியும்.

மிகச் சிறந்த இடம், ஆன்டெனாப் பகுதி முழுவதும் போர்டின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. அது முடியாவிட்டால் விளிம்போடு ஒட்ட வைத்து, அதன் அடியில் இருக்கும் போர்டை வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டவும் முடியாது என்றால் அடியில் எந்த அடுக்கிலும் செம்பு இருக்கக் கூடாது: கிரவுண்ட் நிரப்பல், தடம், வயா (அடுக்குகளை இணைக்கும் துளை), திருகு ஓட்டை எதுவும் வேண்டாம். ஆன்டெனாவைச் சுற்றி எல்லாத் திசையிலும் 15 மிமீ வெறுமையாக விடச் சொல்கிறது மாட்யூலைத் தயாரிக்கும் எஸ்பிரெசிஃப். போர்டின் நடுவில், நான்கு பக்கமும் கிரவுண்டுக்கு மத்தியில் ஆன்டெனாவை வைப்பதுதான் மிக மோசம். அழகாகத் தெரியும் என்பதற்காக அப்படி வைத்த போர்டுகள் சந்தையிலேயே விற்கின்றன.

மூலையில் வைப்பதாக இருந்தால் இன்னொரு நுணுக்கம்: ஆன்டெனாவுக்கு சிக்னல் ஏறும் முனை போர்டின் மூலைப் பக்கம் இருக்கட்டும். டேட்டாஷீட் படத்தில் அந்த முனை குறிக்கப்பட்டிருக்கும்.

சோதனைக்கு பிரெட்போர்டில் செருகி ரேஞ்ச் அளப்பவர்கள் கவனிக்க: பிரெட்போர்டின் வயிற்றில் வரிசை வரிசையாக உலோகப் பட்டைகள் இருக்கின்றன. ஆன்டெனா பிரெட்போர்டின் ஓரத்துக்கு வெளியே இருக்கும்படி செருகுங்கள். இல்லாவிட்டால் அளப்பது மாட்யூலை அல்ல, பிரெட்போர்டை.

மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஆன்டெனாக் கோட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே தொட்டால் பல மாட்யூல்களில் பீப் அடிக்கும். ஷார்ட் ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். தலைகீழ் எஃப் வகை ஆன்டெனாவின் ஒரு கால் வடிவமைப்பிலேயே கிரவுண்டில்தான் நிற்கும். நேர்மின்னோட்டத்துக்கு ஷார்ட், ரேடியோ அலைக்கு அல்ல.

செராமிக் சிப் ஆன்டெனா

அரிசி மணி அளவுள்ள செராமிக் துண்டு. இடத்தை மிச்சப்படுத்த வைக்கிறார்கள். ஆனால் அதற்கும் பிசிபி ஆன்டெனாவைப் போலவே சுற்றிலும் வெறுமை வேண்டும். அதைக் கொடுக்கத்தான் சிறிய போர்டுகளில் இடம் இருப்பதில்லை. மலிவான ஈஎஸ்பி32 சி3 சூப்பர் மினி வகைப் போர்டுகள் சிலவற்றில் செராமிக் துண்டும் கிரிஸ்டலும் தோளோடு தோள் உரசி நிற்கும். ஒலிபரப்பு ஆற்றலை 8.5 டிபிஎம்முக்கு (ரேடியோ ஆற்றலின் அலகு) குறைத்தால்தான் அந்தப் போர்டு வைஃபையில் இணைகிறது என்றால், ஆன்டெனாப் பொருத்தத்திலோ மின்வழங்கலிலோ கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் போர்டைக் கைக்கடிகார அளவு வேலைகளுக்கு வைத்துக்கொண்டு, தூரம் வேண்டிய இடத்துக்கு வேறு வாங்குவதே நல்லது.

கனெக்டர் வழி: மூன்று கண்ணிகள்

வெளி ஆன்டெனா என்று முடிவாகிவிட்டால், சிக்கல்கள் பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் வரும்.

முதல் கண்ணி, இரண்டும் உள்ள போர்டுகள். ஈஎஸ்பி32-கேம் போன்றவற்றில் பிசிபி ஆன்டெனாவும் கனெக்டரும் சேர்ந்தே இருக்கும். வெளி ஆன்டெனாவைச் சொருகியதும் அது தானாக மாறிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். கனெக்டருக்குப் பக்கத்தில் மூன்று பேட்கள் இருக்கும். கடுகை விடச் சிறிய பூஜ்ய ஓம் ரெசிஸ்டர் ஒன்று அவற்றில் இரண்டை இணைத்துக்கொண்டிருக்கும். கடையிலிருந்து வரும்போது அது வழக்கமாகப் பிசிபி ஆன்டெனாப் பக்கம் இருக்கும். மாற்றும் முறை:

1. போர்டின் மின்சாரத்தைத் துண்டித்து, கேமரா ரிப்பனைக் கழற்றி வையுங்கள்.
2. ரெசிஸ்டரின் மேல் ஃப்ளக்ஸ் தடவுங்கள். மெல்லிய முனை உள்ள சால்டரிங் அயர்னில் ஒரு துளி ஈயம் ஏற்றி, இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொடுங்கள். ரெசிஸ்டர் அயர்னோடு வந்துவிடும். ட்வீசரால் இழுத்தால் பேட் பிய்ந்துவரும்.
3. நடு பேட்டுக்கும் கனெக்டர் பக்க பேட்டுக்கும் குறுக்கே அதை வைத்து சால்டர் செய்யுங்கள். ரெசிஸ்டர் பறந்து தொலைந்துவிட்டால் அந்த இரண்டு பேட்களையும் ஒரு துளி ஈயத்தால் இணைத்தாலும் நடக்கும்.
4. பழைய பக்கத்தில் ஈயப் பாலம் மிச்சமில்லை என்பதை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் இணைந்திருந்தால் சிக்னல் இரண்டாகப் பிரிந்து, 50 ஓம் பொருத்தமும் (மாட்யூலும் ஆன்டெனாவும் ஒத்துப்போக வேண்டிய மின்தடை அளவு) கெட்டு, முன்பிருந்ததை விட மோசமாகும்.

சில போர்டுகளில் இதை மென்பொருள் செய்கிறது. சீட் ஸ்டுடியோவின் ஷாவ் ஈஎஸ்பி32 சி6 போர்டில் சிப்பின் ஜிபிஐஓ 3-ஐத் தாழ்நிலையில் வைத்து ஜிபிஐஓ 14-ஐ உயர்த்தினால்தான் வெளி ஆன்டெனாவுக்கு மாறும். வைஃபையைத் தொடங்கும் முன்பே நிரலில் இதைச் செய்துவிட வேண்டும். ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் 4-இலும் அப்படித்தான்: துவக்க அமைப்புக் கோப்பில் இரண்டாவது ஆன்டெனாவைக் கேட்டு ஒரு வரி எழுதாதவரை, கனெக்டரில் மாட்டியது வெறும் அலங்காரம்.

இரண்டாவது கண்ணி, அந்தக் குட்டிக் கனெக்டர். யூ.எஃப்.எல், ஐபெக்ஸ், எம்எச்எஃப்1 என்று பல பெயரில் விற்பது ஒன்றோடொன்று பொருந்தும் ஒரே அளவு. ஆனால் லேப்டாப் வைஃபை கார்டுகளில் வரும் எம்எச்எஃப்4 அதைவிடச் சிறியது, பொருந்தாது. சில குட்டி மாட்யூல்களில் இடைப்பட்ட எம்எச்எஃப்3 வருகிறது. கேபிள் வாங்கும் முன் டேட்டாஷீட்டில் எது என்று பாருங்கள். அழுத்தி ஏற்றிவிடலாம் என்று முயன்றால் நடுப்பின் வளைந்து மாட்யூலே வீணாகும். மாட்டும்போது நேர் மேலிருந்து வைத்து, மையம் பொருந்தியதை விரல் நுனியில் உணர்ந்த பிறகு அழுத்துங்கள். 'டிக்' என்று உட்காரும். கழற்றும்போது கேபிளைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் விளிம்புக்கடியில் ட்வீசரைக் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். இதன் ஆயுள் 30 முறை மாட்டிக் கழற்றுவதுதான். ஆகவே சோதனைக்கு ஒன்று, களத்துக்கு ஒன்று என்று தனித்தனி போர்டு வைத்துக்கொள்வது நல்லது. அதிரும் இடம் என்றால், மோட்டார் பக்கத்தில் என்று வையுங்கள், கேபிளை ஒரு செமீ தள்ளிப் போர்டோடு சிலிக்கான் பசையால் ஒட்டுங்கள். கனெக்டரின் மேலேயே பசை போடாதீர்கள்.

மூன்றாவது கண்ணி, எஸ்எம்ஏ-வும் ஆர்பி-எஸ்எம்ஏ-வும். மரை ஒன்றுதான், மாற்றி மாட்டினாலும் முழுசாக ஏறிவிடும். வித்தியாசம் நடுவில். பெட்டியில் பொருத்தும் வெளிமரைக் கனெக்டரின் நடுவே ஓட்டை இருந்தால் எஸ்எம்ஏ. ஊசி இருந்தால் ஆர்பி-எஸ்எம்ஏ. வைஃபை ரவுட்டர் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் ஆர்பி வகை, லோரா (குறைந்த வேகத்தில் நெடுந்தூரம் போகும் ரேடியோ முறை) ஆன்டெனாக்கள் பெரும்பாலும் நேர் எஸ்எம்ஏ. ஓட்டையும் ஓட்டையும் சந்தித்தால் தொடர்பே இருக்காது. இருந்தாலும் அருகில் வைத்துச் சோதித்தால் வேலை செய்வது போலவே தெரியும். பத்து அடி தள்ளினால்தான் குட்டு வெளிப்படும். ஊசியும் ஊசியும் சந்தித்தால் ஏதோ ஒன்று வளையும். மாட்டும் முன் இரண்டு பக்கமும் நடுவைக் கண்ணால் பார்ப்பதற்கு ஐந்து வினாடி போதும்.

கேபிளை நீட்டாதீர்கள், போர்டை நகர்த்துங்கள்

மாட்யூலிலிருந்து பெட்டிச் சுவருக்கு ஓடும் 1.13 மிமீ மெல்லிய கேபிள், 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 3 டெசிபல் தின்னும். அதாவது மீட்டருக்குப் பாதி ஆற்றல். 15 செமீ நீளத்தில் அரை டெசிபல்தான், பரவாயில்லை. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஆர்ஜி174 நீட்டிப்புக் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 2 டெசிபல். அதில் 5 மீட்டர் ஓட்டினால் 10 டெசிபல் போய், பத்தில் ஒரு பங்கே ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும். 5 டிபிஐ ஆன்டெனா வாங்கிய காசு அந்தக் கேபிளிலேயே கரைந்துவிடும். எல்எம்ஆர்200 மீட்டருக்கு அரை டெசிபல் சொச்சம், எல்எம்ஆர்400 கால் டெசிபலுக்கும் குறைவு. ஆனால் பின்னது சுண்டுவிரல் தடிமன். மடங்காது, விலையும் அதிகம்.

ஆகவே ஆன்டெனாவை மேலே கொண்டுபோக வேண்டுமானால் மாட்யூலையே ஆன்டெனாவின் காலடிக்குக் கொண்டுபோங்கள். கீழே ஓட வேண்டியவை மின்சாரக் கம்பியும் சென்சார் கம்பியும்தான். அவற்றுக்குப் பத்து மீட்டர் ஒரு பொருட்டல்ல.

டிபிஐ எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்

ஆன்டெனா ஆற்றலை உண்டாக்குவதில்லை. ஒரு பக்கம் எடுத்து இன்னொரு பக்கம் கொடுக்கிறது. செங்குத்தாக நிற்கும் 2 டிபிஐ குச்சியின் அலைப்பரவல் உளுந்து வடை மாதிரி, நடுவில் ஓட்டையுடன் தடிமனாக. 9 டிபிஐ குச்சியின் பரவல் தட்டை போலத் தட்டையானது. அதனால் மாடியில் 9 டிபிஐ-யை நிறுத்தினால் அடுத்த தெருவுக்குப் போகும், நேர் கீழே இருக்கும் ரவுட்டருக்குப் போகாது. மாடியும் தரைத்தளமும் பேச வேண்டுமென்றால் 2 அல்லது 3 டிபிஐ போதும்; குச்சியைச் சற்றுச் சாய்த்து, ரவுட்டர் தடிமனான பக்கத்தில் விழும்படி வையுங்கள். கடையில் "12 டிபிஐ" என்று எழுதிய 20 செமீ குச்சி கண்டால் அந்த எண்ணை நம்ப வேண்டாம், 2.4 கிகாஹெர்ட்ஸில் அத்தனை ஆதாயத்துக்கு ஒரு மீட்டரை ஒட்டிய நீளம் வேண்டும்.

காந்த அடி உள்ள ஆன்டெனாக்களில் பல கால் அலைநீள வகை. கீழே இரும்புத் தகடு இருந்தால்தான் அவை முழுமை பெறும். சிமென்ட் சுவரிலோ பிளாஸ்டிக் தொட்டி மூடியிலோ வைத்தால் கேபிளின் உறையே மறுபாதியாகி, கேபிளைத் தொடும்போதெல்லாம் சிக்னல் ஏறி இறங்கும். தகடு இல்லாத இடத்துக்கு டைபோல் (இரண்டு பாதியையும் தானே கொண்டது) என்று தெளிவாகக் குறிப்பிட்டதை வாங்குங்கள்.

லோராவுக்குக் கம்பி ஆன்டெனா

தோட்டத்து போர்வெல்லுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் என்றால் வைஃபையோடு மல்லுக்கட்டாமல் லோராவுக்குப் போங்கள். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். 2005-இல் 867 வரை இருந்தது, 2021-இல் 868 வரை நீட்டினார்கள். எஸ்எக்ஸ்1276 சிப் உள்ள மாட்யூல் இந்த வரம்பில் வேலை செய்யும். 433 மெகாஹெர்ட்ஸுக்கான எஸ்எக்ஸ்1278 மாட்யூலை மென்பொருளில் மாற்றி இங்கே கொண்டுவர முடியாது.

இங்கே மிக மலிவான, நம்பகமான ஆன்டெனா ஒரு துண்டு வீட்டு வயரிங் செம்புக் கம்பி. 866 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 86.6 மிமீ. கம்பியின் தடிமனால் உண்மையில் வேண்டியது ஏறத்தாழ 95 சதவீதம், அதாவது 82 மிமீ பக்கம். பிளாஸ்டிக் உறையோடு விட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். 88 மிமீக்கு வெட்டி சால்டர் செய்து, ஒவ்வொரு மிமீயாக நறுக்குங்கள். ஒரு மிமீக்குச் சுமார் 10 மெகாஹெர்ட்ஸ் நகரும், கையால் செய்ய வசதியான அளவு. இதே வேலையை 2.4 கிகாஹெர்ட்ஸில் செய்ய நினைக்காதீர்கள். அங்கே கால் அலை 30.6 மிமீ, ஒரு மிமீ பிசகினால் 80 மெகாஹெர்ட்ஸ் நகரும், வைஃபையின் மொத்த அகலமே அவ்வளவுதான்.

கம்பிக்கும் மறுபாதி வேண்டும். மாட்யூலின் கிரவுண்டில் அதே நீளத்தில் இன்னொரு கம்பியைச் சேர்த்து எதிர்த்திசையில் நீட்டினால் டைபோல். நான்கு கம்பிகளைச் சேர்த்து 45 டிகிரி கீழ்நோக்கி வளைத்தால் 50 ஓம்முக்கு நெருக்கமான, வெளியில் நிறுத்தத்தக்க ஆன்டெனா. கிரவுண்டுக் கம்பிகள் 5 சதவீதம் நீளமாக இருக்கட்டும். மாட்யூலோடு இலவசமாக வரும் ஸ்பிரிங் ஆன்டெனாவை மேசைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். "868/915" என்று அச்சிட்ட குச்சிகள் சில 915-இல் மட்டுமே சரியாக ஒத்திசையும். அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

அளப்பது

நானோ விஎன்ஏ (ஆன்டெனா எந்த அதிர்வெண்ணில் ஒத்திசைகிறது என்று காட்டும் சிறு கருவி) இருந்தால், கேபிளின் நுனியில் திறந்த, ஷார்ட், 50 ஓம் மூன்றையும் வைத்து அளவீட்டைச் சரிசெய்த பிறகு அளக்கவும். வேண்டிய அதிர்வெண்ணில் எஸ்11 (ஆன்டெனாவிலிருந்து திரும்பிவரும் ஆற்றலின் அளவு) மைனஸ் 10 டெசிபலுக்குக் கீழே இருந்தால் பத்தில் ஒரு பங்குதான் திரும்புகிறது, போதும். மைனஸ் 25 வரை கொண்டுபோக ராப்பகலாக உட்காருவதில் லாபம் கிடையாது. ஆன்டெனா இறுதிப் பெட்டிக்குள், மூடி போட்ட நிலையில் அளக்கப்பட வேண்டும். இன்னொன்று: எஸ்11 நன்றாக இருந்தால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 50 ஓம் ரெசிஸ்டரும் அற்புதமான எஸ்11 காட்டும். ஒரு அடிகூடப் பரப்பாது.

அந்தக் கருவி இல்லாதவர்கள் ஆர்எஸ்எஸ்ஐ எண்ணை (மாட்யூலுக்கு வந்து சேரும் சிக்னலின் வலு, டிபிஎம்மில்) வைத்தே ஒப்பிடலாம். ரவுட்டரை நகர்த்தாமல் வைத்து, கருவியை அது இருக்கப்போகும் இடத்தில் வைத்து 100 அளவுகளின் சராசரி எடுங்கள். பிறகு 6 செமீ அப்படியும் இப்படியுமாக நான்கைந்து இடங்களில் நகர்த்தி எடுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளால் அரை அலைநீளத்துக்குள் 10 டெசிபல் கூட ஆடும். ஒரே இடத்து எண்ணை வைத்து ஆன்டெனாவைப் பழிக்கக் கூடாது. சராசரிகளுக்குள் 3 டெசிபலுக்குக் குறைவான வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். 6 டெசிபல் கூடினால் திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கு. வைஃபைக்கு மைனஸ் 70-க்கு மேல் நிம்மதி. மைனஸ் 80-க்குக் கீழே போனால் மழை நாளில் தொலைபேசி வரும்.

ஆன்டெனா மாட்டாமல் லோரா மாட்யூலை முழு ஆற்றலில் இயக்காதீர்கள். போன ஆற்றல் திரும்பிவந்து வெளியீட்டு ஆம்ப்ளிஃபயரைச் சோதிக்கும். உடனே சாகாவிட்டாலும் பாதி உயிராகிவிட வாய்ப்புண்டு, பிறகு கோளாறு எங்கே என்று தேடியே நாள் போகும்.

வெளியில் நிறுத்துகிறீர்கள் என்றால், எஸ்எம்ஏ நீர்புகாக் கனெக்டர் அல்ல. பெட்டியின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையத்தோடு பொருத்தி, ஆன்டெனாவை மாட்டிய பின் மரை மூடும்படி தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் கீழ்ச்சுற்றின் மேல் ஓடு போல விழும், மழைநீர் மடிப்புக்குள் ஏறாது.